ஏறி விளையாடட்டும் பிள்ளைகள்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற மழலைப்பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



மழலையர் கல்வியைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச வேண்டும் என்று சுவாமி அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. இத்தனை ஆண்டுகளிலும் தாய்மார்கள் என்னிடம் வந்து கேட்டது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "டீச்சர், பையன் எப்போது எழுதுவான்?" எப்போது ஏறுவான், எப்போது குதிப்பான் என்று ஒரு தாயும் கேட்டதில்லை. கேட்காததற்குக் காரணம், அதை நாம் கல்வி என்று எண்ணுவதில்லை. மணி அடித்த பிறகு வகுப்பில் நடப்பது படிப்பு. மணி அடிக்கும்முன் வெளியே மண்ணில் நடப்பது சேட்டை. இந்தப் பிரிவினை சரியல்ல என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இதை இன்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் மழலைப்பள்ளிக்குப் பின்னால் இருக்கும் மண் தரையைச் சிமெண்டுக் கல் பாவி மூடிவிடலாம் என்ற யோசனை பொன்விழாக் குழுவின் முன் இருக்கிறது. மழைக்காலத்தில் சேறு, திருவிழாவுக்குப் பந்தல் போட இடம் வேண்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி நிறுத்த இடமில்லை என்பவை காரணங்கள். மூன்றும் உண்மையான காரணங்கள்தாம். அவற்றுக்கு எதிரில் வைக்க என்னிடமும் சில காரணங்கள் உண்டு. சொல்வதற்குச் சுவாமி அவர்கள் அனுமதி தந்திருக்கிறார்கள்.

அந்த மண் தரையின் மேற்கு ஓரத்தில் ஒரு பூவரச மரம் நிற்கிறது. அதன் முதல் கவை மூன்றடி உயரத்தில் இருக்கிறது. நான்கு வயதுப் பிள்ளை ஒன்று அதில் ஏறப் பழகுவதை ஒரு நாள் நிதானமாக உட்கார்ந்து பாருங்கள். வந்த உடனே ஏறிவிடாது. முதலில் மரத்தைச் சுற்றி வரும். உள்ளங்கையால் பட்டையைத் தடவிப் பார்க்கும். செருப்போடு காலை வைக்கும், வழுக்கும், செருப்பைக் கழற்றிப் போடும். கால் வைக்க ஒரு முண்டு தேடும்; அது எட்டாது; வேறொன்று தேடும். கை கவையைப் பிடிக்கும், ஆனால் உடம்பைத் தூக்கும் அளவுக்குத் தோளில் பலம் இராது, இறங்கிவிடும். மறுநாள் திரும்ப வரும். மூன்றாம் நாளோ பத்தாம் நாளோ அந்தக் கவையில் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த பிறகுதான் தெரியும், இறங்குவது ஏறுவதைவிடக் கடினம் என்று. ஏறும்போது கண்ணுக்கு நேரே இருந்த பிடி, இறங்கும்போது காலுக்குக் கீழே கண் படாத இடத்தில் இருக்கிறது. காலால் துழாவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்தப் பத்து நாளில் அந்தப் பிள்ளை எதையெல்லாம் கற்றுக்கொண்டது என்று எண்ணிப் பாருங்கள். தன் கையின் நீளம் இவ்வளவு, தன் உடம்பின் எடை இவ்வளவு, இந்தக் கிளை தாங்கும், அந்தக் கிளை தாங்காது. அளவு என்றால் இதுதான். அளவுகோலை வைத்துக் கோடு போடுவது பின்னால் வரும். இன்று முடியவில்லை என்றால் நாளைக்கு வரலாம் என்பதையும் அது கற்றுக்கொண்டது. இதைக் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்க என்னால் முடிந்ததில்லை. இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். மேலே இருக்கும் பிள்ளைக்குக் கீழே நிற்கும் பிள்ளை வழி சொல்லும். "அந்தக் காலை இல்லே, இந்தக் காலு. கொஞ்சம் கீழே. இன்னும் கொஞ்சம். அங்கேதான், வை." வகுப்பில் வாயைத் திறக்காத பிள்ளைகள் அந்த மரத்தடியில் பேசக் கேட்டிருக்கிறேன். பேச வேண்டிய அவசியம் அங்கேதான் அவர்களுக்கு வருகிறது.

இது மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான புதுக்கொள்கை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நம் முன்னோர் பிள்ளைத்தமிழ் என்று ஓர் இலக்கிய வகையையே வைத்திருந்தார்கள். குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பிரித்தார்கள். அந்தப் பருவங்களின் பெயர்களைப் பாருங்கள்: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, தலையைத் தூக்கி ஆடுவது செங்கீரை, கை கொட்டுவது சப்பாணி, தளர்நடை நடந்து வருவது வருகை. ஆண்பாலுக்குச் சிற்றில் சிதைத்தலும் சிறுபறையும் சிறுதேரும். பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல். ஊசல் என்றால் ஊஞ்சல்தான். உடம்பை அசைப்பதையும் விளையாட்டையும் வைத்துத்தான் வளர்ச்சியை அளந்தார்கள். எத்தனை எழுத்து எழுதும் என்பதை வைத்து ஒரு பருவத்துக்குக்கூடப் பெயரிடவில்லை.

அதற்கும் நெடுங்காலம் முன்னால், புறநானூற்றில் 243-ஆம் பாடலை ஒரு கிழவர் பாடியிருக்கிறார். அவருடைய சொந்தப் பெயர்கூட நமக்குத் தெரியாது. தம் ஊன்றுகோலைப் பற்றி அவர் சொன்ன சொல்லை வைத்தே தொடித்தலை விழுத்தண்டினார் என்று அவரை அழைக்கிறார்கள். இருமலுக்கு நடுவே சில சொற்கள் பேசும் முதுமையில், அவர் இழந்துவிட்டதாக ஏங்குவது எதை? செல்வத்தையா, பதவியையா? இல்லை. மணலில் பாவை செய்து அதற்குப் பூச்சூட்டியதை நினைக்கிறார். நீர்த்துறையில் தாழ்ந்து படிந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் திகைக்கும்படி ஆழமான மடுவில் குதித்து, அடி மணலை அள்ளிக்கொண்டு வந்து காட்டியதை நினைக்கிறார். ஒரு வாழ்நாள் கழிந்த பின்பும் அவர் கையில் அந்த மணல் இருக்கிறது.

இனி மேல்நாட்டுச் செய்திக்கு வருகிறேன்.

டென்மார்க் நாட்டில் சோரன்சன் என்றொரு பூங்கா அமைப்பாளர் இருந்தார். நகரத்துச் சிறுவர்களுக்காக அழகான விளையாட்டிடங்களை வடிவமைப்பது அவருடைய தொழில். சிறுவர்கள் அந்த அழகான இடங்களை விட்டுவிட்டு, கட்டடம் கட்டும் இடங்களிலும் பழைய சாமான் கிடக்கும் மனைகளிலும் போய் விளையாடுவதை அவர் கவனித்தார். கவனித்ததோடு நில்லாமல் 1931-இல் அதை எழுதியும் வைத்தார். கோபித்துக்கொள்ளவில்லை என்பதுதான் அவருடைய பெருமை. பிள்ளைகள் தேடிப் போவது எதுவோ அதையே கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தார். 1943-இல், நாடு ஜெர்மானியர் பிடியில் இருந்த காலத்தில், கோபன்ஹேகன் நகரத்தின் எம்ட்ரப் பகுதியில் அப்படி ஓர் இடம் திறக்கப்பட்டது. ஊஞ்சலோ சறுக்குமரமோ வாங்கி வைக்கவில்லை. பலகை, செங்கல், கயிறு, மண், சுத்தியல், மண்வெட்டி இவைதாம். சிறுவர்கள் குடிசை கட்டினார்கள், பள்ளம் தோண்டினார்கள், கட்டியதை இடித்துத் திரும்பக் கட்டினார்கள். யோன் பெர்டெல்சன் என்ற இளைஞர் பொறுப்பாளராக உடன் இருந்தார். அவர் அவர்களுக்கு விளையாடச் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்டதை எடுத்துக் கொடுத்தார், பக்கத்தில் இருந்தார்.

போர் முடிந்த பின் 1946-இல் லேடி ஆலன் என்ற ஆங்கிலச் சீமாட்டி அந்த இடத்தைப் பார்த்துவிட்டு லண்டனுக்குத் திரும்பினார். லண்டனில் குண்டு விழுந்து இடிந்த மனைகள் ஏராளமாகக் கிடந்தன. அந்த மனைகளில் இதே போன்ற விளையாட்டிடங்கள் எழுந்தன. எம்ட்ரப்புக்கு வந்தவர்கள் நம் மழலையரைவிடப் பெரிய பிள்ளைகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சின்னஞ்சிறுவர்களுக்கு வேறொரு வழி அதே டென்மார்க்கில் பிறந்தது. 1950-களில் எல்லா பிளாட்டாவ் என்ற பெண்மணி சிறு பிள்ளைகளைத் தினமும் காட்டுக்குள் அழைத்துப் போய்ப் பொழுதைக் கழிக்கத் தொடங்கினார். கூரையும் சுவரும் இல்லாத மழலைப்பள்ளி. பின்னால் ஜெர்மனியிலும் மற்ற நாடுகளிலும் அது பரவியது. பனி கொட்டுகிற நாட்டில் அவர்கள் வெளியே போகிறார்கள். ஆண்டு முழுவதும் வெயில் உள்ள நாம் பிள்ளைகளை மின்விசிறிக்கு அடியில் உட்கார்த்தி வைக்கிறோம்.

நம் நாட்டிலும் இப்படிச் சிந்தித்தவர்கள் உண்டு. தாராபாய் மோடக் அம்மையாரும் அனுதாய் வாக் அம்மையாரும் 1945-இல் இன்றைய மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்தில் பணி தொடங்கினார்கள். ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை என்றபோது, பள்ளியை அவர்கள் குடியிருப்பின் முற்றத்துக்கு எடுத்துச் சென்றார்கள். அங்கன் என்றால் முற்றம். 1975 அக்டோபர் 2-ஆம் நாள் மைய அரசு குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது நாடெங்கும் பரவிய அங்கன்வாடி என்ற சொல்லுக்குள் அந்த முற்றம் இருக்கிறது. இன்று பல இடங்களில் பெயரில் மட்டும்தான் இருக்கிறது என்பது வேறு விஷயம். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். அவர் பெயரைச் சொன்னால் வழவழப்பான மரச் சாமான்கள்தாம் நமக்கு நினைவு வருகின்றன. மழையில் பிள்ளைகளை ஓட விடுங்கள், தேங்கிய நீரைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்க விடுங்கள் என்ற கருத்தையும் அவர் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை போலும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நார்வே நாட்டில் எல்லன் சான்ட்செட்டர் என்ற பேராசிரியை மழலைப்பள்ளிகளில் பிள்ளைகளின் விளையாட்டைக் கூர்ந்து கவனித்து, 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிள்ளைகள் "பயமா இருக்கு, ஆனா நல்லா இருக்கு" என்று உணரும் விளையாட்டுகளை அவர் ஆறாக வகைப்படுத்தினார். உயரம் ஒன்று, வேகம் ஒன்று. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் மரக்குரங்கும் டயர் வண்டியும். மூன்றாவது, கூர்மையான கருவிகளைக் கையாள்வது. நான்காவது, நீர், நெருப்பு போன்றவற்றின் பக்கத்தில் விளையாடுவது. ஐந்தாவது, கட்டிப் புரண்டு மல்லுக்கட்டுவது. ஆறாவது, பெரியவர் கண்ணுக்கு மறைந்து தானே ஓரிடம் போய்வருவது. கண்ணாமூச்சியில் கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும் பிள்ளையின் நெஞ்சு படபடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், இந்த ஆறாவது வகை புரியும்.

இந்த அம்மையாரும் கென்னைர் என்ற மனநூல் பேராசிரியரும் 2011-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். உயரத்தைக் கண்டு அஞ்சுவது பிள்ளைக்கு இயல்பாக வருவது. அது தேவையும்கூட. ஆனால் வளர வளர அந்த அச்சம் அளவோடு கழிய வேண்டும். இன்று மூன்றடி, அடுத்த மாதம் நான்கடி என்று பிள்ளை தானே கொஞ்சம் கொஞ்சமாக ஏறிப் பார்ப்பதுதான் அது கழியும் வழி. வழியை அடைத்துவிட்டால் அச்சம் உள்ளேயே தங்கிவிடக்கூடும் என்றார்கள். என் அனுபவமும் அதுதான். மூன்று வயதில் படியேற விடாமல் இடுப்பிலேயே சுமக்கப்பட்ட பிள்ளை, ஆறு வயதில் இரண்டு படியிலிருந்து குதிக்க அழும்.

"எல்லாம் சரி டீச்சர், விழுந்துவிட்டால்?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. பயப்படாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பயப்படுங்கள். ஆனால் எதற்குப் பயப்பட வேண்டுமோ அதற்குப் பயப்படுங்கள். பிள்ளையின் கண்ணுக்குத் தெரிகிற சிரமம் ஒன்று. தெரியாத ஆபத்து வேறொன்று. மரத்தின் உயரம் பிள்ளைக்குத் தெரியும். தனக்கு முடியுமா என்று அது தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்தக் கிளை உள்ளே உளுத்திருப்பது தெரியாது. ஊஞ்சல் கொக்கி தேய்ந்திருப்பது தெரியாது. மண்ணுக்குள் கிடக்கும் கண்ணாடிச் சில்லும் துருப்பிடித்த ஆணியும், கிளைக்கு மேலே போகும் மின்கம்பியும், இலைக்குள் இருக்கும் குளவிக்கூடும் தெரியாது. கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் கல் ஆடுவது தெரியாது. முருங்கை மரம் பார்க்க ஏறச் சுலபமாக இருக்கும், சட்டென்று முறியும் என்பது நமக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. கோயில் வளாகத்தில் பின்பக்கமாக வண்டி எடுப்பவருக்குச் சின்னப் பிள்ளை தெரிவதில்லை, பிள்ளைக்கும் அந்த வண்டி தெரிவதில்லை. என்னைக் கேட்டால் இந்த வளாகத்தில் பூவரச மரத்தைவிட ஆயிரம் மடங்கு அஞ்ச வேண்டியது ஞாயிறு பூசை முடிந்து பத்து நிமிடம்தான். கண்ணுக்குத் தெரியாததை அகற்றுவது பெரியவர்கள் வேலை. தெரிவதைச் சமாளிப்பதைப் பிள்ளைக்கு விட்டுவிட வேண்டும். கனடா நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையிலும் இந்த இரண்டையும் வேறுபடுத்தித்தான் பேசியிருக்கிறார்கள். தினமும் அடிபட்ட பிள்ளைகளைப் பார்க்கிற மருத்துவர்களே சொல்கிறார்கள் என்பதால் குறிப்பிடுகிறேன்.

சென்ற ஆண்டு நம் பள்ளி ஊஞ்சலிலிருந்து விழுந்து ஒரு பெண்பிள்ளைக்குக் கை முறிந்தது. அவளுடைய தாயார் இங்கே அமர்ந்திருக்கிறார். அவர் சம்மதத்தோடுதான் பேசுகிறேன். அன்று முதல் ஊஞ்சலைச் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருக்கிறோம். பூட்டியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு பிள்ளை வலியில் அலறுவதைக் கேட்டவர்கள் வேறென்ன செய்வார்கள்? ஆனால் ஊஞ்சலுக்குக் கீழே இருக்கும் தரையை யாராவது குனிந்து தொட்டுப் பார்த்தோமா? எத்தனையோ கால்கள் மிதித்து மிதித்து, மேல்மண் மழையில் கரைந்து போய், அது களத்துமேடு போல இறுகிக் கிடக்கிறது. பிள்ளை விழாத ஊஞ்சல் உலகத்தில் இல்லை. விழுகிற இடம் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. நான்கடி உயரத்திலிருந்து விழும் பிள்ளையைத் தாங்க, கட்டிப்போகாத மணல் ஒன்பது அங்குல ஆழமாவது வேண்டும் என்று அமெரிக்க நாட்டின் பாதுகாப்பு வழிகாட்டி சொல்கிறது. இறுகிப்போன மண் தாங்காது. சிமெண்டு அறவே தாங்காது. ஆகவே ஊஞ்சலையும் மரத்தையும் வைத்துக்கொண்டு கீழே சிமெண்டுக் கல் பாவினால், நாம் அந்த இடத்தைச் சுத்தமாக்கவில்லை, ஆபத்தாக்குகிறோம்.

கை கூடி மாவுக்கட்டு அவிழ்த்த மறுவாரம் அந்தப் பிள்ளை என்னிடம் வந்து கேட்டது, "ஊஞ்சலை எப்பத் தெறப்பீங்க?" என்று.

தண்ணீரைப் பற்றி மட்டும் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். புறநானூற்றுக் கிழவர் நீச்சலோடு வளர்ந்தவர். நம் பிள்ளைகள் அப்படி அல்ல. உலகெங்கும் நீரில் மூழ்கி இறப்பவர்களில் ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ளவர்கள்தாம் மற்ற எந்த வயதினரையும்விட அதிக விகிதம் என்று உலக நல நிறுவனம் 2014-இல் அறிவித்தது. சிறு பிள்ளை ஒரு வாளித் தண்ணீரிலும் மூழ்கும், சத்தம்கூடக் கேட்காது. கிணற்றுக்குக் கம்பி மூடி, தொட்டிக்கு மூடி, குளத்துப் பக்கம் வேலி. இதில் பேச்சே இல்லை. கண் முன்னால் வைத்துக்கொண்டு குவளையும் வாளியும் கொடுத்து விளையாட விடுங்கள், போதும். ஏழு எட்டு வயதானதும் நீந்தக் கற்றுக்கொடுங்கள். நெருப்பும் அப்படியே. பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கார்த்திகை மாதத்து வெறகடுப்பில் சுள்ளி வைக்கட்டும்; தனியே தீப்பெட்டி கூடாது.

கருவி என்றதும் முகம் சுளிக்கிறீர்கள். ஐந்து வயதுப் பிள்ளை மழுங்கின கத்தியால் வெண்டைக்காய் நறுக்கும். இரண்டு நாள் காட்டிக்கொடுத்தால் விரலை எங்கே வைப்பது என்று பழகிவிடும். சிறு சுத்தியலும் மென்மையான கட்டையும் கொடுத்தால் அரைமணி நேரம் ஆணி அடித்துக்கொண்டிருக்கும். அந்த அரைமணி நேரம் உங்கள் கைபேசியை அது தேடாது. மல்லுக்கட்டையும் ஓடிப்போய் விலக்காதீர்கள். முகத்தைப் பாருங்கள், சிரிப்பு இருந்தால் அது விளையாட்டு. "போதும்டா" என்றதும் மற்றவன் விடுகிறானா என்று மட்டும் பாருங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண் பிள்ளை மரத்தில் ஏறினால் "குரங்கு" என்று சிரிக்கிறோம்; பெண் பிள்ளை ஏறினால் "இறங்குடி, பொம்பளைப் பிள்ளையாட்டமா இருக்கே" என்று அதட்டுகிறோம். ஏற வசதியில்லாத பாவாடையைப் போட்டு அனுப்பிவிட்டு, இவள் பயந்தாங்கொள்ளி என்கிறோம். இந்தப் பங்கில் பிறந்த பெண்கள் எத்தனையோ பேர் வெளியூரில், வெளிநாட்டில் தனியாக இருந்து செவிலியராக வேலை பார்த்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அந்தத் தைரியத்தைப் பதினெட்டு வயதில் திடீரென்று கேட்கிறோம். நான்கு வயதில் மூன்றடிக் கிளையில் ஏற விடுவதில்லை. கால்சட்டை போட்டு அனுப்புங்கள், தாய்மார்களே.

பெரியவர் எங்கே நிற்க வேண்டும்? நம் எல்லாருக்கும் தெரிந்த தொன்போஸ்கோ சிறுவனாக இருந்தபோது மரங்களுக்கிடையே கயிறு கட்டி அதன்மேல் நடந்து ஊராருக்கு வித்தை காட்டியவர். 1877-இல் தம் கல்வி முறையைப் பற்றி எழுதியபோது, ஓடவும் குதிக்கவும் மனம்போலக் கூச்சலிடவும் பிள்ளைகளுக்குத் தாராளமாக இடம் கொடுங்கள் என்ற பொருளில் எழுதினார். அவருடைய சபையார் 1906-இல் தஞ்சாவூருக்கு வந்தார்கள். அவர்கள் பள்ளிகளில் மைதானம் எவ்வளவு பெரிது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அவர் விரும்பியது, ஆசிரியர் மைதானத்தில் பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்பது. மாடியிலிருந்து அதட்டுவதல்ல, பக்கத்தில் இருப்பது. மரத்தடியில் நில்லுங்கள். "விழுந்துடுவே, விழுந்துடுவே" என்று கத்தாதீர்கள். கத்தினால் பிள்ளை காலைப் பார்க்காமல் உங்களைப் பார்க்கும், அப்போதுதான் விழும். "வலது காலை எங்கே வைக்கப் போறே?" என்று கேளுங்கள். தானாக ஏற முடியாத உயரத்துக்கு நீங்கள் தூக்கி விடாதீர்கள். தானாக ஏறிய பிள்ளை பெரும்பாலும் தானாக இறங்கும். சிராய்ப்பு வந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஐந்து வயதில் போட வேண்டிய ரணஜன்னித் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.

கண்ணைப் பற்றி ஒரு செய்தி, தந்தைமார்களுக்காக. சீனாவில் குவாங்சௌ நகரத்துப் பன்னிரண்டு பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே அனுப்பினார்கள். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது வழக்கம்போல் இருந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது; வெளியே போனவர்களில் 30 பேருக்கு. 2015-இல் இது வெளியானது. மூக்குக் கண்ணாடியின் விலை உங்களுக்கே தெரியும்.

இனி நம் மண் தரைக்கு வருகிறேன். வளாகத்தின் முன்பகுதியில் தாராளமாகக் கல் பாவுங்கள். வண்டிகள் அங்கேயே நிற்கட்டும். பின்பக்கம் பூவரச மரமும் ஊஞ்சலும் உள்ள ஐந்து சென்ட் இடத்தை மட்டும் மண்ணாகவே விட்டு, வண்டி உள்ளே வராதபடி இடுப்புயர வேலி போட்டுத் தாருங்கள். மழைத்தண்ணீர் வடிய ஒரு கால் வெட்டினால் சேறு பாதி குறையும். மீதிச் சேறு பிள்ளைகளுக்குத் தேவைப்படும். இரண்டு மூன்று அடிமரங்கள், ஒரு தடித்த கயிறு, கொஞ்சம் மூங்கில், பழைய டயர்கள் போதும். டயரில் ஓட்டை போட்டுத்தான் வைக்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு வரும். மணலை இரவில் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும், பூனைகள் இருக்கின்றன. வாரம் ஒரு முறை கிளறிச் சலிக்க வேண்டும். அதற்கு ஒரு முறைப்பட்டியலைத் தாய்மார் சங்கத்தினர் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மணல் விற்கும் விலை எனக்குத் தெரியும். ஆனால் ஊஞ்சலுக்கும் மரத்துக்கும் கீழே மட்டும் போட்டால் போதும். முழு இடத்துக்கும் வேண்டாம். அதற்கான செலவை ஏற்க ஒரு குடும்பம் முன்வந்திருக்கிறது. பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். கல் பாவுவதைப் பற்றிப் பொன்விழாக் குழு அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யும். அதற்கு முன் குழுவினர் ஒரு நாள் காலை ஒன்பதரை மணிக்கு வந்து, அரைமணி நேரம் அந்த மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நாற்காலி போட்டு வைக்கிறேன்.

ஊஞ்சலுக்கு மணல் போடுவதற்குச் சுவாமி அவர்கள் இப்போதே சம்மதித்துவிட்டார்கள். வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, வீட்டில் மண்வெட்டியும் கடப்பாறையும் உள்ளவர்கள் கொண்டு வாருங்கள். இறுகிய மண்ணை ஓர் அடி ஆழம் வெட்டி எடுத்துவிட்டுத்தான் மணல் கொட்ட முடியும். ஊஞ்சல் கொக்கிகளைக் கழற்றிப் புதிது மாட்ட நம் பங்கின் வெல்டர் தம்பி ஒருவர் வருகிறார். பூட்டின் சாவி உபதேசியாரிடம் இருக்கிறது. வேலை முடிந்ததும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள், பழைய உடுப்பில்.